விலாசம்: கம்பம் நம்பர் 47

பிப்ரவரி 2, திங்கள்

இந்த டைரி மூணு வருஷம் பழசு. அட்டைக்கடைக்காரர் குப்பைல போட்டது. கிழமையெல்லாம் தப்பா இருக்கு, அடிச்சிட்டு சரியானதை எழுதிக்கிறேன். நான் எட்டாவது வரைக்கும் படிச்சவ. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு என் பொண்ணு மோனிஷா சிரிக்கிறா. சிரிக்கட்டும்.

எதுக்கு எழுதறேன்னா அந்த ஏட்டுக்காக. காலைல ஸ்டேஷனுக்குப் போனேன். பைக்ல ஒருத்தன் வர்றான் சார், விடியக்காலத்துல எங்க பிளாட்பாரத்துல படுத்திருக்கிற பொண்ணுங்க போர்வையை உருவறான், கையை வெக்கிறான், கத்தினா உதைச்சிட்டுப் போறான்னு சொன்னேன். அந்த ஆள் பேனாவையே எடுக்கல.

"என்னிக்கு வந்தான்?"

"போன வாரம் சார்."

"போன வாரம்னா எந்தத் தேதி? எத்தினி மணி? வண்டி நம்பர் இன்னா?"

"நம்பர் மேல சேறு பூசி வெச்சிருக்கான் சார்."

"உன் விலாசம்?"

"அட்டைக்கடை வாசல் சார்."

"வாசல்லாம் விலாசம் இல்லம்மா. டோர் நம்பர் இல்லாம நான் இன்னாத்த எழுதறது? வயசுப் பொண்ண வெச்சிக்கினு ஏம்மா ரோட்ல படுக்கிறே?"

ஆசைப்பட்டு படுத்துக்கினு இருக்கேனாம்! வயிறு எரிஞ்சிபோச்சி. தேதி வோணுமா, மணி வோணுமா, தரேன்டா. இனிமே தினம் எழுதுவேன்.

பூண்டு பத்து கிலோ உரிச்சேன். விரலெல்லாம் காந்தல்.


பிப்ரவரி 3, செவ்வாய்

தண்ணி லாரி நாலே முக்காலுக்கு வந்துச்சி. நாலு குடம் புடிச்சேன். பச்சைக் குடம் அடில ஓட்டை, மெழுகு வெச்சி அடைக்கணும்.

லாரிகிட்டருந்து திரும்பி வரும்போதே அம்சா பொண்ணு சத்யா அழுதுக்கினு இருந்தா. அவன் வந்துட்டு போயிட்டான். பன்னெண்டு வயசுப் பொண்ணு. போர்வையைக் காணோம், கழுத்துல நகக் கீறல். அம்சா எனக்கு அடுத்த எடத்துல படுக்கிறவ, வெட்டின பழம் விக்கிறவ, வாயைத் தொறந்தா நாலு தெருவுக்குக் கேக்கும். இன்னிக்கு சத்தமே இல்லாம பொண்ணைக் கட்டிக்கினு உக்காந்திருந்தா. அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கல.

கொசு. ராத்திரி பூரா தூக்கம் இல்ல.


பிப்ரவரி 5, வியாழன்

லாரி வரல. அவனும் வரல. துணி துவைக்கத் தண்ணி இல்ல.

மோனிஷா பத்தாவது. மார்ச் பதினொண்ணு பரீட்சை ஆரம்பம். எங்க எடத்துக்கு நேர் மேல கம்பத்துல லைட்டு இருக்கு, அதுக்கு அடில உக்காந்து கணக்கு போடறா. வகுப்புல மூணாவது ரேங்க். டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இவளை நிறுத்திடாதீங்க"ன்னு சொன்னாங்க.

செய்யாறுல எங்கக்கா வேற மாதிரி சொல்றா. அவ கொழுந்தனுக்கு முப்பத்திரண்டு வயசு, பொண்ணு தேடறாங்களாம். "ரோட்ல வெச்சி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீ இன்னாடி பண்ணுவே? இங்க அனுப்பு, நான் பார்த்துக்கறேன்"ங்கிறா. நானும் சொல்லிட்டேன். பரீட்சைக்குள்ள இந்த பைக்காரன் தொல்லை ஒழியலன்னா, பரீட்சையும் வோணாம் ஒண்ணும் வோணாம், அனுப்பிடறேன்னு. மோனிஷாவுக்குத் தெரியாது.

கொசு ஜாஸ்தி. உக்காந்தே இருந்தேன்.


பிப்ரவரி 9, திங்கள்

லாரி நாலரைக்கு. மூணு குடந்தான் கெடச்சிது, மூலைல இருக்கிறவளுங்க முந்திக்கினாளுங்க.

அவன் வந்தான். இந்தவாட்டி நைனாவை உதைச்சிருக்கான். நைனான்னா கோதண்டம் நைனா, அந்தக் காலத்துல மீன்பாடி வண்டி, அதான் மூணு சக்கரத்துல சரக்கு ஏத்தற வண்டி, ஓட்டினவர். ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு லாரி பிளாட்பாரத்துல ஏறிச்சி. தூங்கிக்கினு இருந்த மோனிஷா அப்பா எழுந்திருக்கவே இல்ல. பக்கத்துல படுத்திருந்த நைனாவுக்கு எடது கால் போச்சி. அப்பலருந்து சக்கரப் பலகைல உக்காந்துதான் நகர்றார். வண்டியை வித்துட்டார், வண்டியைக் கட்டற சங்கிலியையும் பூட்டையும் மட்டும் விக்கல. அதை மூட்டை கட்டித் தலைக்கு வெச்சிக்கினு படுக்கிறார்.

பொண்ணுங்க பக்கம் போவாதடான்னு குறுக்க பலகையைத் தள்ளியிருக்கார். மூஞ்சிலயே உதைச்சிட்டான். உதடு கிழிஞ்சிபோச்சி. "பல்லு ஏற்கெனவே இல்லம்மா, அவனுக்குத்தான் ஏமாத்தம்"னு சிரிக்கிறார் கிழவர். எனக்கு அழுகையா வந்துச்சி.


பிப்ரவரி 10, செவ்வாய்

லாரி இல்ல. யாரும் வரல. பூண்டு எட்டு கிலோ. கொசு.


பிப்ரவரி 16, திங்கள்

லாரி அஞ்சு மணிக்கு. நாலு குடம். வந்தான். மோனிஷா முழிச்சிக்கினு இருந்தா, ஜியாமெட்ரி பாக்ஸ்லருந்து காம்பஸை எடுத்துக் காட்டினாளாம். சிரிச்சிட்டுப் போனானாம். "மறுபடி வரேன்"னானாம்.

மறுபடி ஸ்டேஷனுக்குப் போனேன். தேதி, மணி எல்லாம் சொன்னேன். ஏட்டு, "ஆளும் தெரியாது, நம்பரும் தெரியாது, எடமும் இல்ல. நீ இன்னாம்மா கதை எழுதறியா?"ன்னு கேட்டார்.

மோனிஷா என்னைக் கேட்டா, "ம்மா, நீ ஏன் படுக்கவே மாட்டேங்கிறே?" முதுகு வலின்னேன். "கொசுன்னு சொன்னே?" அதுவுந்தான்னேன்.


பிப்ரவரி 22, ஞாயிறு

இன்னிக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டை.

பூண்டு மூட்டை வாங்கிட்டு வந்து பார்த்தா, மோனிஷா கைல இந்த டைரி. செய்யாறு விஷயத்தைப் படிச்சிட்டா. மூஞ்சி செவந்து போயிருந்துச்சி. "முப்பத்திரண்டு வயசாம்மா? எனக்கு ஆல்ஜீப்ரா வருதும்மா! டீச்சர் சொல்லிக் குடுக்கிறதுக்கு முன்னாடியே வருது! என்னை இன்னான்னு நெனச்சே, பூண்டு மூட்டையா? தூக்கி அனுப்பறதுக்கு?"

நானும் கத்தினேன். உன்னை உசிரோட வெச்சிருக்கிறதே எனக்குப் பெரிய பாடுன்னேன். அவ திரும்பி உக்காந்து டைரியை மறுபடி மொதல்லருந்து படிச்சா. பேனாவை எடுத்து வட்டம் வட்டமா போட்டா. அரைமணி கழிச்சி என் பக்கத்துல வந்து உக்காந்தா.

"ம்மா, உனக்கு எழுதத் தெரிஞ்சிது, படிக்கத் தெரியல."

"இன்னாடி?"

"மூணு தேதி. லாரி, அவன். லாரி, அவன். லாரி, அவன். லாரி வராத அன்னிக்கு ஒருநாள்கூட அவன் வரல. லாரி ஹாரன் கேட்டதும் நீங்கள்லாம் குடத்தைத் தூக்கிக்கினு மூலைக்கு ஓடறீங்க. இங்க இருக்கிறது நாங்களும் கால் இல்லாத நைனாவும். அவன் எங்கியோ நின்னு ஹாரனுக்குத்தான் காத்துக்கினு இருக்கான்."

எத்தினி குடம், எத்தினி மணின்னு நானே என் கையால எழுதியிருக்கேன். என் மரமண்டைக்கு உறைக்கல. என் பொண்ணுக்கு உறைச்சிருக்கு. மூணாவது ரேங்க்னு சும்மாவா குடுப்பாங்க!


பிப்ரவரி 24, செவ்வாய்

அம்சா, நான், நைனா, மத்த பொம்பளைங்க எல்லாரும் உக்காந்து பேசினோம். பதினோரு குடும்பம்.

எங்க தெருவுல ஒரு சட்டம் உண்டு. லாரி நிக்கிற மூலைல குடத்தை வரிசைல வெச்சிட்டா, அங்க ஆள் நிக்குதுன்னு அர்த்தம். குடத்தைத் தள்ளி வெச்சவளை யாரும் மன்னிச்சதில்ல. அதனால குடத்தை அனுப்புவோம், நாங்க போவ மாட்டோம். தூரத்துலருந்து பார்க்கிறவனுக்கு வரிசை வரிசையா குடம் தெரியும், பொம்பளைங்க அங்கதான்னு நெனப்பான். நாங்க பொண்ணுங்க எடத்துல போர்வையை இழுத்துப் போர்த்திக்கினு படுத்திருப்போம். ஒருநாள் தண்ணி இல்லன்னா சாவ மாட்டோம்.

அம்சாதான் ஒரு ஓட்டையைக் கண்டுபுடிச்சா. "யக்கா, சண்டை சத்தம் கேக்காம லாரி வந்துச்சின்னு எவன் நம்புவான்?" நெஜந்தான். பொண்ணுங்களையும் வாய் நீளமான மூணு பேரையும் குடத்துகிட்ட அனுப்பி, பத்து பேர் மாதிரி சண்டை போடச் சொல்லணும்.


பிப்ரவரி 26, வியாழன்

எல்லாம் பாழாப்போச்சி. அந்த அம்சாவாலதான். ஹாரன் கேட்டதும் எழுந்து ஓடிட்டா, அவளைப் பார்த்து எல்லாரும் ஓடிட்டாங்க. அவன் வந்துட்டான். மோனிஷா வலது மணிக்கட்டு முறுக்கிக்கிச்சி. பெரியாஸ்பத்திரில கட்டு போட்டாங்க. எலும்பு உடையலயாம், ரெண்டு வாரம் ஆவுமாம்.

பரீட்சைக்கு ரெண்டே வாரந்தான் இருக்கு.

அக்காவுக்கு போன் போட்டு ஞாயித்துக்கிழமை அனுப்பறேன்னு சொல்லிட்டேன்.


பிப்ரவரி 27, வெள்ளி

நேத்து எழுதினது பொய். டைரில பொய் எழுதினா அப்புறம் எதுக்கு டைரி?

மொதல்ல ஓடினது நான்தான். அம்சா இல்ல. போர்வைக்குள்ள கண்ணை மூடிக்கினு இருந்தேன். பொண்ணுங்க அப்பத்தான் மூலைக்குக் கெளம்பிக்கினு இருந்தாங்க. ஹாரன் கேட்டுச்சி. எனக்கு நெனப்பே இல்ல, காலு எழுந்து ஓடுது. இருபது வருஷமா அந்த ஹாரனுக்கு ஓடின காலு. என்னைப் பார்த்துத்தான் மத்தவங்க ஓடினாங்க. பாதி தூரம் போனப்புறந்தான் அடச்சீன்னு தோணுச்சி. திரும்பி வர்றதுக்குள்ள அவன் மோனிஷா கையைப் புடிச்சி இழுத்துட்டான். நைனா பலகையால பைக்கை இடிச்சதாலதான் விட்டான்.

அம்சாகிட்ட மன்னிப்பு கேட்டேன். "போவட்டும் வுடுக்கா, என் காலும் ஓடத்தான் பார்த்துச்சி"ன்னா.

இன்னொண்ணும் எழுதறேன். என் எடது காது கிழிஞ்சிருக்கிறது கம்மல் எதுலயோ மாட்டி இழுத்ததாலன்னு மோனிஷாகிட்ட சொல்லியிருக்கேன். கம்மல் எதுலயும் மாட்டல. அவ கைக்குழந்தை அப்போ. ஆடி மாசம். இதே தெரு, இதே கம்பம். ரெண்டு பேர். தேதி தெரியாது, நம்பர் தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்லல, அவ அப்பாகிட்டகூட. அன்னிலருந்து நான் படுத்துத் தூங்கினதே இல்ல. கொசு இல்ல, முதுகு வலியும் இல்ல. பயம். அவ்ளோதான்.

எழுதிட்டேன். மோனிஷா இதையும் படிப்பா. படிக்கட்டும்.


பிப்ரவரி 28, சனி

படிச்சிட்டா. எடது கையால தலை பின்னிக்க முடியல, பின்னி வுடும்மான்னு வந்து என் மடில சாஞ்சா. பின்னி முடிச்சப்புறம் என் காதைத் தொட்டுப் பார்த்தா. ரெண்டு பேரும் நல்லா அழுதோம்.

அப்புறம் சொன்னா, "இன்னும் ஒரே ஒருவாட்டிம்மா. உன் காலு ஓடுதுன்னா காலைக் கட்டிக்கோ."

அக்காவுக்கு போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை மோனிஷா வர மாட்டா, நீ உன் கொழுந்தனுக்கு வேற எடம் பாருன்னேன். அவ திட்டினது இந்தப் பக்கத்துல அடங்காது.


மார்ச் 3, செவ்வாய்

புடிச்சிட்டோம்! புடிச்சிட்டோம்! புடிச்சிட்டோம்!

ஒழுங்கா எழுதறேன். ஏட்டு கேப்பார்.

நாலு மணிக்கே பொண்ணுங்களையும் மூணு பொம்பளைங்களையும் மூலைக்கு அனுப்பிட்டோம். முப்பது குடம் வரிசைல. அம்சா சத்யா எடத்துல படுத்தா. நான் மோனிஷா எடத்துல, மோனிஷா துப்பட்டாவால என் வலது காலைக் கம்பத்தோட இறுக்கிக் கட்டிக்கினேன். அம்சா ரெண்டு காலையும் சேர்த்துக் கட்டிக்கினா. மத்தவங்க ஆளுக்கொரு போர்வை. நைனா கம்பத்துக்கு அந்தப் பக்கம் சாக்கைப் போர்த்திக்கினு.

நாலு அம்பதுக்கு ஹாரன். சத்தியமா சொல்றேன், என் காலு துடிச்சிது. துப்பட்டா புடிச்சி நிறுத்திச்சி. மூலைல சண்டை ஆரம்பிச்சிது. "யாருடி என் குடத்தைத் தள்ளினது"ன்னு ஒரு குரல் எல்லாத்துக்கும் மேல கேட்டுச்சி. யாருன்னு பார்த்தா என் மோனிஷா! நான் அவளுக்கு முன்னாடி பேசவே கூடாதுன்னு அடக்கி வெச்ச வார்த்தையெல்லாம் அவ வாய்ல அருவி மாதிரி கொட்டுது. சிரிப்பை அடக்கப் போர்வையைக் கடிச்சிக்கினேன்.

பைக் சத்தம். கம்பத்தோரமா வந்து அணைஞ்சிது. செருப்பு சத்தம் மெதுவா வருது. நேரா சத்யா எடத்துக்குப் போனான், குனிஞ்சான், போர்வையை உருவினான்.

உள்ள அம்சா!

"வாடா ராஜா, உனக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்"னு அவன் சட்டையைக் கொத்தா புடிச்சா பாருங்க. அவன் போட்ட சத்தம் இருக்கே, ஆம்பளை அப்படிக் கத்தி நான் கேட்டதில்ல. உதறிட்டு ரெண்டு அடி ஓடினான். நான் எழுந்திருக்க முடியாதே, காலு கம்பத்துல இல்ல? படுத்தபடியே கையை நீட்டி அவன் கணுக்காலைப் புடிச்சேன். தொப்புன்னு வுழுந்தான். உதைச்சான், தோள்ல வலி, நான் வுடல. பதினஞ்சு வருஷம் கழிச்சி ஒருத்தன் காலு என் கைல மாட்டியிருக்கு, வுடுவேனா? அதுக்குள்ள மத்த போர்வையெல்லாம் எழுந்துடிச்சி. அம்சா கால் கட்டோட குதிச்சிக் குதிச்சி வந்து அவன் முதுகு மேல உக்காந்தா. அப்புறம் அவன் எங்க அசையறது!

அடிக்கலாம்னு ரெண்டு பேர் செருப்பை எடுத்தாங்க. நைனாதான் கத்தினார். "அடிக்காதீங்கம்மா! அடிச்சா அதைத்தான் மொதல்ல எழுதுவாங்க!" அப்பத்தான் திரும்பிப் பார்த்தேன். நாங்க புரண்டுக்கினு இருந்த நேரத்துல கிழவர் சக்கரப் பலகைல உருண்டு போய், அவன் பைக்கோட பின்சக்கரத்துல தன் மீன்பாடி வண்டிச் சங்கிலியை நுழைச்சி, கம்பத்தோட சேர்த்து பூட்டிட்டார்! சாவியை இடுப்பு அரைஞாண்ல முடிஞ்சிக்கினு உக்காந்திருக்கார். "ஒன்பது வருஷமா தலைகாணியா இருந்துச்சும்மா. இன்னிக்குத்தான் வேலை வந்துச்சி"ன்னார்.

மோனிஷா ஓடி வந்தா. ஒரு சொம்பு தண்ணியை ஊத்தி நம்பர் பிளேட்டைக் கழுவினா. நம்பர் பளிச்சுன்னு தெரிஞ்சிது. அதை எடது கையால இந்த டைரில எழுதினா. மேல பாருங்க, கோணலா இருக்கிறது அவ எழுத்து.

வெளிச்சத்துல அவனைப் பார்த்தேன். ராட்சசன் மாதிரி இருப்பான்னு நெனச்சிக்கினு இருந்தேன். சாதாரண ஆளு. இஸ்திரி போட்ட சட்டை, சாமி கயிறு. "தெரியாம பண்ணிட்டேன்மா"ன்னு அழுதான். எனக்கு ஒரு பொட்டு எரக்கம் வரல.

தோள் வீங்கியிருக்கு. நாலு குடமும் காலி. அதனால இன்னா!


மார்ச் 4, புதன்

நேத்து மிச்சத்தை எழுதறேன்.

ஏட்டு ரெண்டு போலீஸோட வந்தார். தெருவுல கடையெல்லாம் தொறந்து கூட்டம் கூடியிருந்துச்சி. அவன் ஏட்டைப் பார்த்ததும் தைரியம் வந்து சொல்றான், "சார், பிளாட்பாரத்துல படுக்கிறதுங்க சார், இதுங்க பேச்சை எடுத்துக்கினு…"

அவன் முடிக்கல. நான் டைரியைப் பிரிச்சேன். சத்தமா படிச்சேன். பிப்ரவரி மூணு, நாலே முக்கால். பிப்ரவரி ஒன்பது, நாலரை. பதினாறு, அஞ்சு மணி. இருபத்தாறு. மார்ச் மூணு. தெருவே கேட்டுக்கினு நின்னுச்சி. அட்டைக்கடைக்காரர் கல்லாவை வுட்டு எறங்கி வந்து, "என் டைரியா அது?"ன்னார். ஆமாங்கன்னேன்.

ஏட்டு அவனை ஜீப்ல ஏத்தச் சொன்னார். "சரிம்மா, பைக்கை அவுத்து வுடு"ன்னார்.

நைனா நகரல. "எழுதின பேப்பரைக் குடுங்க சார், சாவியைக் குடுக்கிறேன்."

"பெருசு, விளையாடறியா?"

"கால் இல்லாதவன் இன்னா சார் விளையாடப் போறேன்? பேப்பர் வந்தா சாவி வரும்."

கூட்டம் சிரிச்சிது. ஏட்டு மூஞ்சியைத் தொடச்சிக்கினு என் பக்கத்துல பிளாட்பாரத்துல உக்காந்தார். நெஜமாவே உக்காந்தார். பேனாவை எடுத்தார். பேரு? தேசம்மா. வயசு? நாப்பத்தொண்ணு. "விலாசம்?"

நான் மேல பார்த்தேன். இருபது வருஷமா என் தலைக்கு மேல இருக்கு, மஞ்சள் பெயின்ட்ல.

"எழுதிக்கோங்க சார். கம்பம் நம்பர் நாப்பத்தேழு."

ஏட்டு என்னைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார். எழுதினார். மத்தியானம் புகார் பேப்பர் நகல் கைக்கு வந்தப்புறந்தான் நைனா அரைஞாணை அவுத்தார். அந்தப் பேப்பர்ல என் பேருக்கு அடில அச்சுல இருக்கு: மின்கம்பம் எண் 47 அருகில். மோனிஷா அதை பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஹால் டிக்கெட்டோட வெச்சிருக்கா.

அம்சா கேக்கிறா, "யக்கா, எனக்கும் அதே நம்பர் தானே?" உனக்கும் அதேதான்டி.


மார்ச் 11, புதன்

தமிழ் பரீட்சை. கட்டு அவுத்தாச்சி, வலி கொஞ்சம் இருக்காம். ஸ்கூல் கேட் வரைக்கும் போனேன். நைனா பேனா வாங்கிக் குடுத்தார், அம்சா ஒரு கப் பழம் குடுத்தா, காசு வாங்கல.

எல்லாக் கேள்வியும் எழுதிட்டாளாம்.


ஏப்ரல் 6, திங்கள்

கடைசிப் பரீட்சை முடிஞ்சிது. கணக்கு அன்னிக்கே சொன்னா, நூத்துக்கு நூறு வராட்டி பேரை மாத்திக்கிறேன்னு. கொழுப்பு! என் பொண்ணு.

இப்போல்லாம் லாரி வந்தா முறை வெச்சி நாலு பேர் பொண்ணுங்களோட இருந்துடறோம். அவங்க குடத்தை மத்தவங்க புடிக்கிறோம். விடியக்காலத்துல ரோந்து வண்டி ஒண்ணு கம்பம் நாப்பத்தேழுகிட்ட நின்னுட்டுப் போவுது. ஏட்டு எறங்கி, "எல்லாம் சரியாம்மா?"ன்னு கேக்கிறார்.


ஏப்ரல் 8, புதன்

மணி ஏழேகால். வெயில் மூஞ்சில அடிச்சி எழுந்தேன்.

லாரி வந்துட்டுப் போயிடுச்சாம். ஹாரன் அடிச்சிதாம், எனக்குக் கேக்கல. பதறிப்போய் குடத்தைத் தேடினா, நாலும் ரொம்பி வரிசையா தலைமாட்டுல இருக்கு. பச்சைக் குடம்கூட, மெழுகு வெச்சி அடைச்சி. "ஏன்டி எழுப்பல?"ன்னு அம்சாவைக் கேட்டேன். "குறட்டை வுட்டுக்கினு கெடந்தே, மகாராணியை எவ எழுப்புவா?"ன்னா. மோனிஷா பக்கத்துல உக்காந்து விசிறிக்கினு இருந்தா. அட்டைக்கடை அட்டையால.

ராத்திரி பூரா கொசு புடுங்கி எடுத்துடுச்சாம். எல்லாரும் சொல்றாங்க.

எனக்குத் தெரியாது.